இங்கிலாந்தின் பழைய எஸ்டேட்களில் மாட்டுக்கும் குதிரைக்கும் ஏன் இவ்வளவு பெரிய கட்டடங்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு பழைய பிரபுவின் மாளிகையைப் பார்க்கப் போனீர்கள், மாளிகையைவிட அதன் லாயமும் பண்ணைக் கொட்டகைகளும்தான் மனதில் நின்றன. கால்நடைகளுக்காக ஏன் இத்தனை செலவு செய்தார்கள், அடுத்த முறை போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

நான் கேம்பிரிட்ஜுக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. பக்கத்தில் இருக்கும் விம்போல் எஸ்டேட்டுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. முதல் இரண்டு தடவை மாளிகைக்குள் போனேன். அதற்கப்புறம் நேராகப் பண்ணைக்குத்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

சுவரையும் கூரையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் திறப்புகளைப் பாருங்கள். கதவு எந்தத் திசையில், சன்னல் எவ்வளவு உயரத்தில், காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது? இந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைக் காற்றை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

பார்னை எடுத்துக்கொள்வோம். களஞ்சியம் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் சரி. அறுத்த தாளைக் கதிரோடு கட்டுக்கட்டாக அடுக்கி வைப்பது, குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரடிப்பது, தூற்றுவது எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். களத்தையே கூரைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால்தான் நீளவாக்கில் இருக்கும் இரண்டு சுவர்களிலும் நேருக்கு நேராக இரண்டு பெரிய கதவுகள். பாரம் ஏற்றிய வண்டி உள்ளே வர ஒரு கதவாவது ஆளைவிட இரண்டு மடங்கு உயரம் இருக்கும். இரண்டு கதவுக்கும் நடுவில் கெட்டியான தளம். அங்கே நின்று, தோல்வாரால் இணைத்த இரட்டைக் கழியால் கதிரை அடிப்பார்கள். பிறகு இரண்டு கதவையும் திறந்துவிட்டால் குறுக்கே காற்று ஓடும். தூற்றும்போது பதர் பறந்துபோகும், மணி கீழே விழும். சுவரில் நெட்டுக்குத்தாக ஒடுங்கிய பிளவுகளைப் பார்த்திருப்பீர்கள். கோட்டையில் அம்பு எய்ய வைத்த துளை மாதிரி இருக்கும். அடுக்கிய தாள் ஈரத்தில் சூடேறிக் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் அவை. சில இடங்களில் முகட்டுக்குக் கீழே ஆந்தை நுழைய ஒரு துளையும் விட்டிருப்பார்கள். எலி பிடிக்க ஆந்தையைவிட நல்ல காவல் ஏது?

அடித்த தானியத்துக்குத் தனி இடம். அங்கே காற்று அடியில் ஓட வேண்டும், எலி ஏறக் கூடாது. அதனால் காளான் வடிவக் கற்களைக் கால்களாக வைத்து, அவற்றின் மேல் கிடங்கைத் தூக்கி நிறுத்தினார்கள். எலி தண்டில் ஏறினாலும் குடையைத் தாண்ட முடியாது. இன்று அந்தக் கற்கள் பலரது தோட்டத்தில் அழகுக்காக நிற்கின்றன.

பார்னின் வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எசெக்ஸில் கிரெஸ்ஸிங் டெம்பிள் என்ற இடத்தில் டெம்ப்ளர் வீரத்துறவிகளின் பண்ணையில் எழுந்த இரண்டு பார்ன்கள், 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இன்றும் நிற்கின்றன. உள்ளே நிமிர்ந்து பார்த்தால் ஓக் மரத் தூண்களும் உத்தரங்களும் தேவாலயத்துக்குள் நிற்கும் உணர்வைத் தருகின்றன. தச்சு வேலையில் ஆர்வம் இருந்தால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

சரி, விம்போலுக்கு வருகிறேன். அங்கே உள்ள ஹோம் ஃபார்மை, அதாவது மாளிகையின் சொந்தப் பண்ணையை, 1794-இல் மூன்றாம் ஹார்ட்விக் பிரபுவுக்காக வடிவமைத்தவர் ஜான் சோன். கொத்தனாரின் மகன். அப்போதே லண்டனில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞராகவும் இருந்தார். பிரபுவும் அவரும் இளமையில் இத்தாலிப் பயணத்தில் பழக்கமானவர்கள். ரோமானிய இடிபாடுகளை ரசித்த அந்த இருவரும் சேர்ந்து கட்டியது மரப்பலகைச் சுவரும் வேய்ந்த கூரையும் கொண்ட ஒரு பண்ணை! தூண், சிற்பம் என்று எதுவும் இல்லை. எனக்கு அந்த அடக்கம் ரொம்பப் பிடிக்கும்.

ஏன் இத்தனை செலவு என்ற உங்கள் கேள்விக்கு இந்தக் காலகட்டத்தில்தான் பதில் இருக்கிறது. 1793-இல் பிரான்ஸோடு போர் தொடங்கியது. அதே ஆண்டு விவசாயத்துக்கென்று ஒரு வாரியமும் வந்தது. போர்க்காலத்தில் தானிய விலை ஏற, நிலத்தில் போட்ட பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை பிரபுக்களுக்கு வந்தது. முன்மாதிரிப் பண்ணை கட்டுவது பெருமையாகவும் இருந்தது. நார்ஃபோக்கில் ஹோல்கம் எஸ்டேட்டில் சாமுவேல் வயட் கட்டிய பெரிய பார்ன் இதே தலைமுறையைச் சேர்ந்ததுதான்.

முன்மாதிரிப் பண்ணையின் நடு முற்றத்தைக் கவனியுங்கள். பொதுவாக, உயரமான பார்ன் வடக்கே நின்று வாடைக்காற்றைத் தடுக்கும். தெற்குப் பக்கம் வெயிலுக்குத் திறந்திருக்கும். பார்னிலிருந்து வைக்கோல் முற்றத்துக்கு வரும். மாடுகள் அதை மிதித்துச் சாணத்தோடு கலக்கும், அந்த எரு வயலுக்குப் போகும். 1840-களில் கடல்பறவை எச்சம் கப்பல் கப்பலாக வந்து இறங்கும்வரை வயலின் பலம் பெரும்பாலும் இந்த முற்றத்தில்தான் உருவானது. அதனால் மாட்டுக்கொட்டகைக்குக் கொட்டிய பணம் வீண்பணம் இல்லை.

ஒரு விஷயம் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. கதிரடிக்கும் இயந்திரத்தை ஆண்ட்ரூ மெய்கில் ஸ்காட்லாந்தில் 1786-லேயே உருவாக்கிவிட்டார். விம்போல் பண்ணை எழுவதற்கு எட்டு வருடம் முன்பு! அந்த இயந்திரம் பரவப் பரவ, கூலியாட்களுக்குக் குளிர்காலத்தில் இருந்த ஒரே நிச்சயமான வேலை போனது. 1830-இல் கென்ட் பகுதியில் தொடங்கிப் பல மாவட்டங்களில் அவர்கள் இயந்திரங்களை உடைத்தார்கள். ஸ்விங் கலவரம் என்பார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், சுமார் 500 பேரை நாடு கடத்தினார்கள். ஒரு பார்னின் நடுத்தளத்தில் நிற்கும்போது, அங்கே குளிரில் கழியை வீசி நின்றவர்களையும் நினைக்காமல் என்னால் கட்டடத்தை ரசிக்க முடிவதில்லை.

லாயம் வேறு ரகம். விருந்தாளி முதலில் பார்ப்பது அதைத்தான். அதனால் கல், வளைவு வாயில், மணிக்கூண்டு என்று செலவு முகப்பில் தெரியும். டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் லாயத்தை ஜேம்ஸ் பெய்ன் 1758 வாக்கில் வடிவமைத்தார். 80 குதிரைகளுக்கு இடம், மேல்தளத்தில் தானியக் கிடங்கும் ஆட்கள் தங்கும் அறைகளும். கடைசிக் குதிரை வெளியேறியது 1939-இல்.

முகப்பைத் தாண்டி உள்ளே போனால் இங்கேயும் காற்றுதான். ஆனால் பார்னுக்கு நேர்மாறு: காற்று மாற வேண்டும், குதிரையின் மேல் வீசக் கூடாது. அதனால் சன்னல்கள் உயரத்தில், கூரையில் வெப்பக்காற்று வெளியேறக் கூண்டு. தரையில் கால் வழுக்காதபடி வரிவரியாகப் பள்ளம் வெட்டிய செங்கல், மூத்திரம் ஓடச் சிறு சாக்கடை. சேணம் வைக்கும் அறையில் கணப்பு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், தோல் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அது வேண்டும். சில இடங்களில் கதவு நிலையில் உருளைகள் பொருத்தியிருப்பார்கள், வெளியே வரும் குதிரையின் இடுப்பு உராயாமல் இருக்க. அதை முதல் முறை கையால் சுழற்றிப் பார்த்தபோது, இதை யோசித்தவர் குதிரையோடு வாழ்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பார்னைக் குடியிருப்பாக மாற்றினார்கள். காற்றுப் பிளவுகளை அடைத்து, நடுவில் மாடி போட்டு, ஆறு அறைகளாகப் பிரித்துவிட்டார்கள். முகப்பு அப்படியே இருக்கிறது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் தரையிலிருந்து முகடுவரை ஒரே மூச்சாக நின்ற அந்த வெளி போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. புதிய பயன்பாட்டை நான் எதிர்க்கவில்லை, காலியாக விட்டால் கூரை தானே விழும். பெரிய கதவின் இடத்தில் கண்ணாடி போட்டு உள்வெளியை அப்படியே விட்ட பார்ன்களும் உண்டு, அவை பிழைத்துக்கொண்டன.

அடுத்த முறை போகும்போது முடிந்தால் காற்றடிக்கும் நாளாகப் பாருங்கள். இரண்டு கதவும் திறந்திருக்கும் ஒரு பழைய பார்னில், நடுத்தளத்தில் ஒரு பிடி வைக்கோல் தூசியை மேலே வீசிப் பாருங்கள். எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.