வெயிட்லிஸ்டில் நிற்கும் மகளும் ஊரிலிருந்து வரும் போன்களும்

தேவகோட்டையிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகள் இந்த வருஷம் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்களும் ஒரு தனியார் கல்லூரியும் அவளை வெயிட்லிஸ்டில், அதாவது காத்திருப்போர் பட்டியலில், வைத்திருக்கின்றன. வேறு சில இடங்களில் இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். யூசி ரிவர்சைடில் மட்டும் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வீட்டுப் பையனுக்கு இவளைவிட மார்க் குறைவு. இவளை நிறுத்தி வைத்த அதே வளாகம் அவனை எடுத்துக்கொண்டது. பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லை. வீட்டுக்காரருக்குக் கோபம் அடங்கவில்லை. மாமியார் ஊரிலிருந்து தினம் போன் செய்கிறார். "ரெண்டு பிள்ளைகளை இதுல கரையேத்துனவுக நீங்க. எப்படி ஆச்சி தாங்குனீக?" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, ஒரு கலியாணத்துக்காகக் கோட்டையூர் வந்திருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்தபோது எதிரே என் தம்பி மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். வீட்டு வளவில் யார் வந்து உட்கார்ந்தாலும் பேச்சு அதுதான். கணக்கில் நூறுக்கு எவ்வளவு வரும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்கினால் எவ்வளவு, ஆக மொத்தம் இருநூறுக்குக் கட் ஆஃப் என்ன, போன வருஷம் காரைக்குடி ஏ.சி. இன்ஜினியரிங் காலேஜில் எந்தப் பிரிவு எந்த மார்க்கில் நின்றது என்று அவள் அப்பத்தா வரைக்கும் மனப்பாடம். அந்த முறையிலும் பிள்ளைகள் நொறுங்கிப் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்று அங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை. ரேங்க் பட்டியல் வெளியே இருக்கிறது. இரண்டு பேர் சமமாக வந்தால் யாரை முன்னே வைப்பது என்பதற்குக்கூட எழுதி வைத்த விதி இருக்கிறது.

நாம் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள். அதனால்தான் அமெரிக்காவுக்குப் போன பிறகும் மனசு அந்தக் காணாமல் போன அரை மார்க்கைத் தேடுகிறது. எங்கே சறுக்கினாள், எந்தக் கட்டுரையைச் சரியாக எழுதவில்லை, எந்தக் கிளப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் தேடும். என் இரண்டு பிள்ளைகளோடும் இதைக் கடந்து வந்தவள் என்ற முறையில் நான் உங்களிடம் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: அந்தத் தேடலை நிறுத்துங்கள். நீங்களும் நிறுத்துங்கள், பிள்ளையையும் தேட விடாதீர்கள். அந்தக் காரணம் எங்கோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு மார்க்காக, ஒரு வரியாக அது எங்கேயுமே இல்லை.

எப்படி என்று சொல்கிறேன். 2024-இல் யூசி லாஸ் ஏஞ்சலஸுக்கு முதலாண்டு சேர்க்கைக்கு ஏறத்தாழ 1,46,000 பேர் விண்ணப்பித்தார்கள். இடம் தந்தது சுமார் 13,000 பேருக்கு. மிச்சமிருந்தவர்களில் பல்லாயிரம் பேர் அங்கே போய் நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளைகள். யூசி இப்போது எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. 13 அம்சங்களை வைத்து விண்ணப்பத்தை முழுசாகப் படிக்கிறார்கள். பள்ளி மதிப்பெண் அதில் ஒன்று. அந்தப் பள்ளியில் என்னென்ன பாடங்கள் கிடைத்தன, அதில் இவள் எதை எடுத்தாள், தன் பள்ளிக்குள் எந்த இடத்தில் நிற்கிறாள், வீட்டுச் சூழல் என்ன என்பதெல்லாம் சேர்ந்து வரும். எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை என்று ஒரு வாய்பாடு கிடையாது. விண்ணப்பித்த பாடப்பிரிவும் பெரிய விஷயம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டவளுக்கும் வரலாறு கேட்டவனுக்கும் ஒரே வளாகத்தில் கதவு ஒரே அகலம் இல்லை.

அடுத்த வீட்டுப் பையனுடைய ஜிபிஏ, அதாவது பள்ளி மதிப்பெண் சராசரி, உங்களுக்குத் தெரியும். அவன் எந்தப் பிரிவு கேட்டான், என்ன எழுதினான், எதைத் தாண்டி வந்தான் என்பது தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அந்தப் பிள்ளையும் உங்கள் மகளும் ஒரே பஸ்ஸில் ஜூன் வரைக்கும் போய் வர வேண்டியவர்கள். பெரியவர்கள் போடும் ஒப்பீடு பிள்ளைகளுக்குள் விழுந்துவிட்டால் அதை யாராலும் எடுக்க முடியாது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இனி வெயிட்லிஸ்ட். கல்லூரி தன்னிடம் உள்ள இடத்தைவிட அதிகம் பேருக்குச் சரி என்று கடிதம் அனுப்புகிறது, எல்லோரும் வந்து சேர மாட்டார்கள் என்பதால். எத்தனை பேர் வருவார்கள் என்பது ஓர் ஊகம்தான். அந்த ஊகம் தப்பினால் கை கொடுக்கத்தான் இந்தப் பட்டியல். நம் கலியாண வீட்டுப் பந்திக்கு இலை கூடுதலாக நறுக்கி வைப்பார்களே, அது மாதிரி. போடாமல் மிஞ்சிய இலை கிழிந்த இலை இல்லை. அந்தப் பந்தியில் ஆள் நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் மகளை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சேர்த்துக்கொள்ளத் தகுந்தவள் என்று படித்துப் பார்த்தவர்கள்தான் அந்தப் பட்டியலில் வைத்தார்கள்.

ஆனால் அதை நம்பி உட்காரவும் கூடாது. பெயர்பெற்ற கல்லூரிகள் சில, சில வருஷங்களில் அந்தப் பட்டியலிலிருந்து ஒருவரைக்கூடக் கூப்பிட்டதில்லை. இன்னொரு வருஷம் நூற்றுக்கணக்கில் எடுக்கும். கொரோனா வந்த 2020-இல் பல கல்லூரிகள் வழக்கத்தைவிட நிறையப் பேரை எடுத்தன. காமன் டேட்டா செட் என்று ஒவ்வொரு கல்லூரியின் பெயரோடும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். அதில் சி2 என்ற பகுதியில் எத்தனை பேருக்கு வெயிட்லிஸ்ட் தந்தார்கள், எத்தனை பேர் காத்திருக்க ஒப்புக்கொண்டார்கள், கடைசியில் எத்தனை பேருக்கு இடம் தந்தார்கள் என்று எண்ணிக்கை இருக்கும். மூன்று நான்கு வருஷத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது புரியும். மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஊரில் நமக்குப் பழகிய மாதிரி ஒரு எண்ணிக்கையாவது கண்ணில் படும். அது அவளுக்கும் கொஞ்சம் தெளிவு தரும்.

செய்ய வேண்டிய வேலை அதிகமில்லை. காத்திருக்க விருப்பம் என்று அந்தந்தக் கல்லூரியின் தளத்தில் பதிய வேண்டும். அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும், கிடைத்த இடத்தை ஒப்புக்கொள்ளும் கடைசி நாளான மே 1-க்கு முன்பே அது முடிந்துவிடலாம். பதியாவிட்டால் பெயர் தானாக விழுந்துவிடும். தனியார் கல்லூரிக்கு, அவர்கள் வேண்டாம் என்று சொல்லாதிருந்தால், மகள் ஒரு பக்கக் கடிதம் எழுதலாம்: விண்ணப்பித்த பிறகு என்ன செய்தாள், ஏன் இன்னும் அங்கே வர விரும்புகிறாள், இடம் தந்தால் சேருவாளா என்று. கடைசி வாக்கியத்தில் உண்மையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். யூசி வளாகங்களுக்கு அவர்கள் தளத்தில் என்ன கேட்கிறார்களோ அதை மட்டும் தந்தால் போதும். அப்பா போன் செய்வது, தெரிந்தவர் சிபாரிசு, இதெல்லாம் வேண்டாம். வெயிட்லிஸ்டிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் ஆலோசகர்கள் இந்த மாதத்தில் நிறைய வருவார்கள். ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

பள்ளி முடியும் வரை பாடத்தில் கை தளரவும் கூடாது. கிடைத்த இடம்கூடக் கடைசி வருஷ மதிப்பெண் வரும்வரை நிபந்தனையோடுதான். டி, எஃப் என்று மோசமான கிரேடு வந்தால் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள யூசிக்கு உரிமை உண்டு. மனசு விட்டுப்போன பிள்ளைகளுக்கு இதில்தான் ஆபத்து.

பணத்தைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். மகள் எச்-4 விசாவில், அதாவது பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த விசாவில், இருந்தால் அமெரிக்க அரசின் கல்வி உதவிப் பணத்துக்குத் தகுதி கிடையாது. தனியார் கல்லூரிகள் பலவற்றில் உதவித்தொகை விஷயத்தில் அவளை வெளிநாட்டு மாணவி வரிசையில்தான் வைப்பார்கள். வெயிட்லிஸ்டிலிருந்து கடைசியில் கூப்பிடும்போது உதவிப் பணம் தீர்ந்தும் போயிருக்கலாம். யூசியில் கட்டண விஷயம் வேறு. பெற்றோர் ஒரு வருஷத்துக்கு மேல் கலிபோர்னியாவில் குடியிருந்து, விதிப்படி நிரூபித்தால், எச்-4 பிள்ளைக்கும் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும். அந்தத் தகுதி இல்லாதவர்கள் வருஷத்துக்கு 34,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார்கள். ஆகவே குடியிருப்புப் படிவத்தை ரிவர்சைட் கேட்கும் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். அந்தத் தனியார் கல்லூரி ஜூனில் கூப்பிட்டால் கட்டணம் கட்ட முடியுமா என்ற கணக்கை இப்போதே, வீட்டுக்காரரும் நீங்களும் மட்டும் உட்கார்ந்து போட்டு, முடியாதென்றால் இந்த வாரமே மகளிடம் சொல்லிவிடுங்கள். ஆசையாகக் காத்திருந்து, கதவு திறந்தபிறகு காசில்லை என்று கேட்பதைவிட அது அவளுக்கு எவ்வளவோ நல்லது.

என் மகன் விஷயத்தில் அப்படி ஒரு கூப்பிடு வந்தது. வேறோர் இடத்தில் முன்பணம் கட்டி, கூடத் தங்கும் பையன்களோடு பேச்செல்லாம் முடிந்து, ஜூனில் ஒரு நாள் வெயிட்லிஸ்டில் வைத்த கல்லூரியிலிருந்து போன். பதில் சொல்லச் சில நாள்தான் அவகாசம். அவன் அப்பச்சிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அந்தக் கல்லூரியின் பேர் மீது பெரிய ஆசை. பையன் கட்டணத்தைப் பார்த்தான், பாடத்திட்டத்தைப் பார்த்தான், வேண்டாம் என்றான். மார்ச் மாதம் அதே கடிதத்தைப் படித்து அழுத பிள்ளை அவன். நடுவில் இருந்த அந்த இரண்டு மாதத்தில், தன்னை எடுத்துக்கொண்ட கல்லூரியை அவன் மனசார எடுத்துக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கம் நின்றேன். இன்றைக்கும் நிற்பேன்.

என் மகளுக்கு அப்படி எதுவும் வரவில்லை. பட்டியல் முடிந்தது என்று ஒரு வரி மின்னஞ்சல், அவ்வளவுதான். அவள் அன்றைக்கு அழவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாட்டுக்கு மேல் எதுவும் கேட்காமல் இருந்தோம். ராத்திரி அவள் அப்பச்சி அவளைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவார். காலேஜ் பேச்சை எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் எங்களுக்குள் பேச்சு. ஆறுதல் சொல்ல நமக்கு வாய் துடிக்கும், தங்கச்சி. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பதைப் பதினெட்டு வயதில் கேட்கும் பிள்ளைக்கு, தன் துக்கத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொல்வதாகத்தான் கேட்கும். அவளுக்கு நிஜமாகவே ஒன்று போயிருக்கிறது. கொஞ்ச நாள் துக்கப்படட்டும். அதே நேரம் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், நான் எதற்கும் லாயக்கில்லை என்கிற மாதிரி பேச்சு வந்தால், காத்திருக்காமல் பள்ளி கவுன்சலரிடமும் மருத்துவரிடமும் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் மகள் பதினாறு வயதில் தேவகோட்டைத் தோழிகளை விட்டுவிட்டு வந்து, புது நாட்டில் இரண்டே வருஷத்தில் ஒரு யூசி வளாகத்தில் இடம் வாங்கியிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இந்த விளையாட்டின் விதி தெரிந்து வளர்ந்த பிள்ளைகளோடு ஓடியிருக்கிறாள். இதை வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொன்னீர்களா? சொல்லுங்கள். ரிவர்சைடுக்கு ஒரு சனிக்கிழமை குடும்பமாகப் போய் வாருங்கள். முதல் வருஷப் பாடங்களை அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

மாமியார் கேட்பதைத் தப்பாக எடுக்காதீர்கள். நம் பக்கத்தில் காலேஜ் என்பது ஊர்ப் பெருமை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, பிறகு மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவர்கள். பேத்தி எங்கே சேர்ந்தாள் என்று கோயிலில் நாலு பேரிடம் சொல்ல ஆசைப்படுகிறார்கள். வெயிட்லிஸ்டை விளக்கப் போனால் "இன்னும் கெடைக்கலையா?" என்றுதான் காதில் விழும். அதனால் விளக்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரரே அவர் ஆத்தாவிடம் பேசட்டும்: "கலிபோர்னியா யுனிவர்சிட்டில சேந்துட்டா ஆத்தா, ரிவர்சைடுங்கிற ஊரு. செப்டம்பர்ல கிளாஸு." உண்மையும் அதுதான். மே 1-க்குள் அங்கே சேர ஒப்புக்கொண்டு பணம் கட்டியதும் இதைச் சொல்லிவிட்டால் தினசரி போன் நின்றுவிடும். அதுவரை பிள்ளையை ஸ்பீக்கரில் போட்டுப் பேச வைக்காதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் எதுவும் எழுத வேண்டாம்.

பின்னால் ஒருவேளை வேறிடம் வந்து மாறினால் ரிவர்சைடில் கட்டிய முன்பணம் போகும். அந்தத் தொகைக்காகத் தயங்க வேண்டாம். விடுதி விண்ணப்பத் தேதியையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், அது தனியாக வரும். தனியார் கல்லூரிக்கு மகள் கடிதம் எழுதினால், அவளுக்கு விருப்பமிருந்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் ஜூன் வரை கோட்டையூரில்தான் இருப்பேன். அங்கே சாயங்காலம் அனுப்பினால் இங்கே விடிந்திருக்கும், அன்றைக்கே படித்துப் பதில் போட்டுவிடுவேன்.