ஜோக் சொல்ல வராதவங்களுக்கு காதல் அமையாதா?

கேள்வி: எனக்கு 27 வயசு. மூணு பொண்ணுங்கள சந்திச்சு பேசினேன், எதுவும் ரெண்டாவது சந்திப்பு வரைக்கும் போகல. உனக்கு ஹ்யூமர் சென்ஸ் இல்ல அதான்டான்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. ஜோக் மனப்பாடம் பண்ணிட்டு போனாலும் சொதப்புது. என்ன செய்ய?

பதில்: அந்த மனப்பாடத்த முதல்ல விடுங்க தம்பி. ராபர்ட் ப்ரொவைன்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர், ஜனங்க சகஜமா பேசிக்கற இடங்கள்ல யாரு எப்ப சிரிக்கறாங்கன்னு 1,200 தடவ குறிச்சு வச்சு பாத்தார், அதுல ஜோக் மாதிரி ஏதாவது கேட்டு வந்த சிரிப்பு நூத்துக்கு இருபதக்கூட தாண்டல, மிச்சமெல்லாம் 'சரி அப்புறம் பாக்கலாம்' மாதிரி சாதா பேச்சுக்கு வந்த சிரிப்புதான். கேக்கறவங்கள விட பேசறவங்கதான் அதிகமா சிரிச்சிருக்காங்க!

அப்புறம் 2015ல அமெரிக்காவுல கான்சாஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹால், ஒருத்தர ஒருத்தர் முன்ன பின்ன தெரியாத 51 ஜோடிங்கள பேச விட்டு கவனிச்சார். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது எங்க கூடுதலோ அங்கதான் ஈர்ப்பும் கூடுதலா இருந்துச்சு. சேர்ந்துங்கறதுதான் முக்கியம். நீங்க சொல்லி அவங்க சிரிக்கணும்னே நினைக்கறீங்க, நிறைய ஆம்பளைங்க அப்படித்தான், ஆனா பொண்ணுங்களுக்கு தாங்க சொல்றத கேட்டு ரசிச்சு சிரிக்கற ஆளும் வேணும். அடுத்த தடவ பேசறப்போ அடுத்து என்ன சொல்லலாம்னு மண்டைக்குள்ள ஒத்திகை பாக்காம அவங்க பேசறத காது குடுத்து கேளுங்க, அவங்க குறும்பா ஏதாவது சொன்னா அத புடிச்சுக்குங்க, அதையே கொஞ்சம் நீட்டி பேசுங்க. சிரிப்பு வரலன்னா போலியா சிரிக்காதீங்க, கண்டுபிடிச்சிருவாங்க. மூணு பேர் ஒத்து வரலங்கறதுக்கு காரணம் வேற எதுவா வேணா இருக்கலாம், உங்ககிட்ட குறைன்னு முடிவு கட்டிக்காதீங்க.

கேள்வி: நான் காதலிக்கறவர் செம ஜாலி டைப், அதுலதான் விழுந்தேன். இப்போ நாலு பேர் முன்னாடி என் குரல, உடம்ப வச்சே கலாய்க்கறார். சும்மா ஜோக்தானேங்கறார். நான்தான் ஓவரா எடுத்துக்கறேனா?

பதில்: இல்லம்மா. நகைச்சுவை பிறக்கற இடம்னு தொல்காப்பியம் நாலு சொல்லுது, எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல்தான், அதாவது கேலி பண்றதுதான், முதல்ல வருது. இன்னிக்கு உளவியல்லயும் உறவ வளக்கற நகைச்சுவை வேற, அடுத்தவங்கள குத்தற நகைச்சுவை வேறன்னு பிரிச்சுதான் பாக்கறாங்க. ரெண்டுக்கும் கூட்டம் சிரிக்கும், அதனால வெளிய இருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும், ஏன்னா வலிக்கறது உங்களுக்கு. தனியா இருக்கறப்போ, எந்த வார்த்தை வலிச்சுதுன்னு குறிப்பா சொல்லுங்க, மொத்தமா 'நீ எப்பவுமே இப்படித்தான்'னு ஆரம்பிக்க வேணாம். சாரி சொல்லி நிஜமாவே நிறுத்தினார்னா நல்லது. அதையும் ஒரு ஜோக்காக்கி அடுத்த வாரம் அதே நாலு பேர்கிட்ட சொன்னார்னா, கல்யாண பேச்ச தள்ளி வைங்க, நல்லா யோசிச்சுதான் சொல்றேன்.