சம்பளமா, பறப்பு மணியா? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

விமானி வேலையைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். டாலஸில் வசிக்கிறேன். பறப்புப் பயிற்சியாளராக வேலை செய்து, விமான நிறுவனத்தில் சேரத் தேவையான 1,500 பறப்பு மணியை நிறைவு செய்துவிட்டேன். இப்போது இரண்டு பிராந்திய விமான நிறுவனங்கள் துணை விமானி பணிக்கு அழைத்திருக்கின்றன. முதல் நிறுவனம் மணிக்கு 98 டாலர் தருகிறது. இரண்டாண்டுகள் விலகக் கூடாது என்ற நிபந்தனையோடு 25,000 டாலர் ஊக்கத்தொகையும் உண்டு. ஆனால் பேஸ், அதாவது பணி தொடங்கும் ஊர், நியூயார்க். ஒன்றரை ஆண்டு ரிசர்வில், அதாவது சொந்த அட்டவணை இல்லாமல் அழைப்புக்காகக் காத்திருக்கும் நிலையில், இருக்க நேரும் என்கிறார்கள். இரண்டாவது நிறுவனம் மணிக்கு 88 டாலர் தருகிறது, ஊக்கத்தொகை இல்லை. பேஸ் டாலஸ், நான்கு மாதத்தில் நிரந்தர லைன், அதாவது சொந்தப் பறப்பு அட்டவணை, கிடைத்துவிடுமாம். இரண்டிலும் மாதம் 75 மணிக்கான சம்பளம் உறுதி. இரண்டிலும் தகுதி மணி நிறைந்தவுடன் கேப்டன் ஆகலாம். அந்தச் சம்பளம் மணிக்கு 140 டாலரில் தொடங்குகிறது.

பயிற்சிக்காக வாங்கிய கடன் 90,000 டாலர் இருக்கிறது. "அனுபவத்தைப் பார், பணம் தானாக வரும்" என்கிறார்கள் மூத்தவர்கள். அவர்களுக்குக் கடன் இல்லை. நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடன் இருப்பவரிடம் பணத்தைப் பற்றி யோசிக்காதே என்று சொல்வது எனக்கும் ஏற்புடையதல்ல. ஆகவே உங்கள் கேள்வியைப் பணத்தின் பக்கமிருந்தே தொடங்குகிறேன். கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்த்தால், சம்பளமும் அனுபவமும் நீங்கள் நினைப்பதுபோல எதிரெதிர்த் தட்டுகளில் இல்லை என்பது தெரியவரும்.

மணி வீதம் என்பது பாதிச் செய்திதான். அதை எத்தனை மணியால் பெருக்குகிறார்கள் என்பது மறுபாதி. ரிசர்வில் இருப்பவர் எவ்வளவு குறைவாகப் பறந்தாலும் உறுதியளிக்கப்பட்ட 75 மணிக்கான சம்பளத்தைப் பெறுவார். முதல் நிறுவனத்தில் அது மாதம் 7,350 டாலர். இரண்டாவது நிறுவனத்தில் லைன் கிடைத்தபின் நீங்கள் மாதம் 80 மணி பறந்தால் 7,040 டாலர் வரும். மணிக்குப் பத்து டாலர் என்று பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் மாதத்துக்கு 310 டாலராகச் சுருங்கிவிடுகிறது. நியூயார்க்கில் ரிசர்வ் நாட்களில் தங்குவதற்குப் பல விமானிகள் சேர்ந்து எடுக்கும் கிராஷ் பேடில் ஒரு படுக்கையின் வாடகை, அங்கிருந்து விமான நிலையம் போய்வரும் செலவு, வெளிச்சாப்பாடு ஆகியவற்றை அந்த 310 டாலரில் எழுதிப் பாருங்கள். மிச்சம் ஏதும் இராது.

எஞ்சியிருப்பது 25,000 டாலர் ஊக்கத்தொகை. இங்குதான் பறப்பு மணி என்பது அனுபவத்தின் அளவாக மட்டுமன்றிப் பணமாகவும் மாறுகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின், 2013 முதல் நடைமுறையிலிருக்கும் விதிப்படி, பயணிகள் விமான நிறுவனத்தில் கேப்டனாவதற்கு அவ்வகைச் சேவையில் துணை விமானியாக 1,000 மணி பறந்திருக்க வேண்டும். பயிற்சியாளராகச் சேர்த்த மணிகள் இந்தக் கணக்கில் வராது. விமானத்தில் பறந்த மணிகள்தாம் இதற்குச் சேரும். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்த மணிகள் சேரா. ரிசர்வில் மாதம் 30 மணி பறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனத்தில் 18 மாத ரிசர்வில் 540 மணி, பிறகு லைனில் மாதம் 80 என்றால் ஏறக்குறைய ஆறு மாதத்தில் எஞ்சிய 460. மொத்தம் 24 மாதம். இரண்டாவது நிறுவனத்தில் நான்கு மாத ரிசர்வில் 120 மணி, பிறகு 11 மாதத்தில் 880. மொத்தம் 15 மாதம். அந்த ஒன்பது மாதங்களில் கேப்டனுக்கும் துணை விமானிக்கும் உள்ள வித்தியாசம், உறுதி மணிகளை மட்டும் கணக்கில் கொண்டாலும், மாதம் 3,150 டாலர். ஒன்பது மாதத்துக்கு 28,350 டாலர். ஊக்கத்தொகை அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. உங்கள் கடனை அடைக்கும் வேகமும் அந்த மாதத்திலிருந்து கூடும்.

இந்தக் கணக்கில் உள்ள 30 மணி என்னுடைய ஊகம். ரிசர்வ் விமானிகளை ஓயாமல் பறக்கவைக்கும் பேஸ்கள் உண்டு. மாதத்தில் நான்கைந்து முறைகூட அழைக்காத பேஸ்களும் உண்டு. ஆகவே அந்த நிறுவனத்தில் சென்ற ஆண்டு சேர்ந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, "சென்ற மாதம் எத்தனை மணி பறந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஆள்சேர்ப்பு அதிகாரியின் பதில் இதற்கு உதவாது. அவர் பொய் சொல்வார் என்பதற்காக அல்ல. அவர் ரிசர்வில் உட்கார்ந்தவர் அல்லர் என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து பேஸ் எவ்வளவு தொலைவு என்பதை நம்மவர்கள் வசதிப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கிறார்கள். எனக்கு அப்படிப் பார்க்க முடிவதில்லை. நான் இந்தத் துறைக்கு வந்த 2000களின் தொடக்கத்தில் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 20 டாலருக்கும் குறைவாகவே தந்தார்கள்; ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 18,000 டாலரை எட்டாது. பேஸ் இருந்த ஊரில் வாடகை கொடுத்து வாழ முடியாமல், இரண்டு விமானம் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு ஜனவரி இரவில் பணியாளர் அறையின் சாய்வு நாற்காலியில், சீருடைக் கோட்டைப் போர்த்திக்கொண்டு, மூன்று மணி நேரம் தூங்கியிருப்பேன். மறுநாளின் ஐந்தாவது பறப்பில், பனி மூட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அலைவரிசைக்கு மாறச் சொன்ன கட்டளையைத் திரும்பச் சொல்லிவிட்டு, எண்ணை மாற்றாமலேயே இருந்தேன். கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. இடக்கையால் விமானத்தைப் பிடித்தபடி, வலக்கையை நீட்டி என் பக்கத்து ரேடியோவின் குமிழைத் திருப்பி, அவரே பேசினார். தரையிறங்கிய பிறகு, "நேற்றிரவு எங்கே தூங்கினாய்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை இன்றும் நான் மறக்கவில்லை. என்னோடு பறக்கும் இளையவர்களிடம் நானும் அதைக் கேட்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்து, 2009 பிப்ரவரி 12 அன்று, நியூவர்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் ஏர் 3407 வீழ்ந்து 50 பேர் இறந்தார்கள். இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவதாக எச்சரிக்கை வந்தபோது, விமானத்தின் மூக்கைத் தாழ்த்தாமல் கேப்டன் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்ததே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. துணை விமானி சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார் என்பதும், அவருடைய குறைந்த சம்பளமும் அந்த விசாரணையில் விரிவாகப் பேசப்பட்டன. நீங்கள் எட்டிய 1,500 மணி என்ற எல்லையே அந்த விபத்துக்குப் பின் 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தால் வந்ததுதான். ஆகவே, டாலஸில் வீடும் நியூயார்க்கில் ரிசர்வும் என்ற ஏற்பாட்டை வெறும் அலைச்சல் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வழிக்கு மூன்றரை மணி நேரப் பறப்பு. அதுவும் காலி இருக்கை கிடைத்தால்தான். அழைத்த இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்க வேண்டிய ரிசர்வ் என்றால் முந்தைய நாளே கிளம்ப வேண்டும். மாதத்தில் மூன்று நான்கு விடுமுறை நாட்கள் இப்படியே கரைந்துபோகும்.

இதே காரணத்தால், "அனுபவம் கிடைத்தால் போதும், எவ்வளவு குறைவானாலும் சேர்ந்துவிடு" என்ற அறிவுரையையும் நான் ஏற்பதில்லை. உடலை ஓய்வாக வைத்துக்கொள்ளப் போதாத சம்பளத்தை எந்த அனுபவத்துக்காகவும் ஒப்புக்கொள்ளக் கூடாது. உங்கள் 88 டாலர் அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

வேறு இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, அந்த 98 டாலர் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் ஊதிய அட்டவணையிலேயே இருக்கிறதா, அல்லது ஒரு பகுதி குறிப்பிட்ட காலத்துக்கான கூடுதல் தொகையா என்று பாருங்கள். 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் தொடக்க வீதத்தை 90 டாலர் அளவுக்கு உயர்த்தியபோது, அதில் ஒரு பகுதி 2024 ஆகஸ்ட் வரைக்குமான தற்காலிக உயர்வாகவே அறிவிக்கப்பட்டது. இரண்டாவது, ஊக்கத்தொகையின் நிபந்தனையை முழுவதும் வாசியுங்கள். இடையில் விலகினால் முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டுமா, எஞ்சிய மாதங்களுக்கு உரியதை மட்டுமா? பயிற்சியில் தேறாமல் போனால் என்ன? நிறுவனமே மூடப்பட்டால் என்ன? 2020 ஏப்ரலில் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், கம்பாஸ் என்ற இரண்டு பிராந்திய நிறுவனங்கள் ஒரே மாதத்தில் சேவையை நிறுத்தின. ஆகவே இது கற்பனைக் கேள்வி அல்ல.

அனுபவம் என்ற சொல்லைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். மணிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் இடைவெளி முதலாண்டில் முக்கியம். பயிற்சி முடிந்து புதிய ஜெட்டில் அமரும்போது கை வேகமும் கண் வேகமும் விமானத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு மூன்று நான்கு பறப்பு என்று தொடர்ந்து பறப்பவருக்கு நூறு மணிக்குள் அது சீராகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பறப்பவர் ஒவ்வொரு முறையும் தொடங்கிய இடத்திலிருந்தே தொடங்குகிறார்; அடுத்த சிமுலேட்டர் சோதனைக்கு அவர் நடுங்கியபடிதான் போவார். தேர்வுத் தோல்விகள் எஃப்.ஏ.ஏ.வின் விமானி ஆவணத் தொகுப்பில் பதிவாகி, பின்னாளில் நீங்கள் விண்ணப்பிக்கும் பெரிய நிறுவனத்தின் மேசைக்கும் போகும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் டாலஸைத் தேர்ந்தெடுப்பேன். நீங்கள் நியூயார்க்கில் வசிப்பவராக இருந்து, அங்கே ரிசர்வ் விமானிகள் மாதம் அறுபது மணிக்கு மேல் பறக்கிறார்கள் என்றும் தெரிந்திருந்தால், தயங்காமல் 98 டாலரைச் சொல்லியிருப்பேன்.

ஒப்புக்கொள்வதற்கு முன் நிறுவனத்தின் பயிற்சி வகுப்புத் தொடங்கும் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணிமூப்பு எண் அந்தத் தேதியிலிருந்துதான் வருகிறது; லைன், விடுமுறை, பேஸ் மாற்றம், கேப்டன் இருக்கை எல்லாம் அந்த எண்ணின் வரிசையில்தான் கிடைக்கும். டாலஸ் நிறுவனம் நான்கைந்து மாதம் கழித்துத்தான் வகுப்புத் தருகிறது என்றால், இடையில் சேரும் அத்தனை பேரும் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். அப்போது நான்கு மாதத்தில் லைன் என்ற வாக்கும் என்னுடைய 15 மாதக் கணக்கும் மாறும். இரண்டு தேதிகளும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்.