குறிப்பேட்டில் இருக்கும் பலம்

கேள்வி: கிடங்கு ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை என்று இவ்வாண்டுச் செயல்திறன் மதிப்பீட்டில் மேலாளர் எழுதிவிட்டார். சரக்கு மாறிப் போனால் எல்லாரும் என் குறிப்பேட்டைத்தான் புரட்டுவார்கள். இரவு பத்து மணிக்கும் வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்பார்கள். ஆனாலும் எனக்கென்று ஒரு திறமையும் இல்லையோ என்ற கவலையில் தூக்கம் வருவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, குறிப்பேட்டைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியில்தான் என் கண் நின்றது. இயல்பாகக் கைவரும் ஒன்றை நாம் திறமைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004இல் தொகுத்து வெளியிட்ட 24 குணநலன்களில் துணிவும் தலைமைப் பண்பும் இருப்பதைப் போலவே கனிவும் விடாமுயற்சியும் முன்யோசனையும் இருக்கின்றன. கூட்டத்தில் கணீரென்று பேசுவது அப்பட்டியலில் இல்லவே இல்லை. தம்மிடம் மேலோங்கியுள்ள குணநலனை ஒரு வாரம் நாள்தோறும் புதிய விதத்தில் பயன்படுத்தியவர்களிடம் மகிழ்ச்சி கூடியதையும், மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்ததையும், அப்பலன் ஆறு மாதம் வரை நீடித்ததையும் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாம். அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள், இம்மாதம் எந்தத் தவறு எத்தனை முறை, எந்த நேரத்தில் நேர்ந்தது என்று குறிப்பேட்டிலிருந்து எடுத்து, ஒரே பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். அவரை நான் குறைகூற மாட்டேன்; கண்ணில் படாததை எவராலும் மதிப்பிட முடியாது. அந்தத் தாள் கையில் இருந்தால் கூட்டத்தில் பேசுவதும் எளிதாகும். அதில் உள்ளதை வாசித்தாலே போதும்.

இரவு பத்து மணிச் செய்திகள் வேறு விஷயம். கனிவானவரிடம் வேலை சேர்ந்துகொண்டே போகும். அந்தச் சுமையை உங்கள் குணத்தின் குறையாக எண்ணிவிடாதீர்கள். வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்புகள் குறித்து நிறுவனங்கள் தெளிவான கொள்கை வகுக்க வேண்டும் என்று, மனிதவள அமைச்சும் தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் 2020 நவம்பரில் வெளியிட்ட வேலையிட மனநல ஆலோசனைக் குறிப்பே பரிந்துரைக்கிறது. அதை மேலாளரிடம் எடுத்துச் சொல்லி, அவசரமல்லாத கேள்விகளுக்குக் காலையில் அரை மணி நேரம் ஒதுக்கிப் பதிலளிப்பதாகக் கூறுங்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள்; 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மேலாளர் என்ன சொன்னார் என்பதை எனக்கு அவசியம் எழுதுங்கள்.