புகை விட்டும் ஓடுகிறதே!

கேள்வி: சார், ஒரு பள்ளி கழித்துக்கட்டிய பிபிசி மைக்ரோ என்ற பழைய பிரிட்டிஷ் கம்ப்யூட்டரை பழைய சாமான் கடையில் பிடித்தேன். ஆன் செய்ததும் 'பூ... பீப்' சத்தம், டிவியில் எழுத்தும் வந்தது. கொஞ்ச நேரத்தில் பவர் சப்ளையிலிருந்து பயங்கர நாற்றத்தோடு புகை, ஆனால் கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடுகிறது. கடல்காற்றா காரணம்?
- வாசகர், காசிமேடு

பதில்: ஓடுகிறதே, அதுதான் துப்பு. வெடித்தது கரண்ட் உள்ளே வரும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர், அது இல்லாமலும் மெஷின் ஓடும். அந்தக் காலத்து பேப்பர் ரகத்தில் மேல்கூடு வயதாகி விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சும், அப்புறம் 230 வோல்ட் ஏறினால் புகைதான். உங்கள் ஊர்க் காற்று அதைச் சீக்கிரமாக்கியிருக்கலாம், அவ்வளவே.

சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'எக்ஸ்2, 275 வோல்ட் ஏசி' என்று அச்சடித்ததாகக் கேளுங்கள் (எக்ஸ்2 என்றால் மெயின் கரண்டில் நேராகப் போடும் பாதுகாப்பான ரகம்), பெரும்பாலும் 0.1, 0.01 மைக்ரோஃபாரட் என இரண்டு இருக்கும், இரண்டையுமே மாற்றிவிடுங்கள். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று சாதா கெபாசிட்டரைத் தள்ளினால் வாங்காதீர்கள், தீப்பிடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், மல்டிமீட்டரில் பார்க்காமல் விரலை வைக்கவேண்டாம்.

1984-ல் கிளாஸ் (CLASS) என்ற அரசின் பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த மாடல் இது. வெறும் 32 கேபி மெமரி, ஆனால் கீபோர்டு இன்றைக்கும் பிரமாதம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!