தொழுநோய் மருந்து முடிந்த பிறகு சுண்டுவிரல் மரத்தால்

கேள்வி: என் கணவருக்கு 42 வயது, கொத்தனார். தொழுநோய்க்காக அரசு மருத்துவமனையில் 12 மாதம் மாத்திரை அட்டை வாங்கிச் சாப்பிட்டு முடித்தார். நான்கு மாதம் கழித்து இப்போது பழைய தேமல்கள் சிவந்து வீங்கியிருக்கின்றன. வலது முழங்கையில் வலி. மூன்று வாரமாகச் சுண்டுவிரல் மரத்திருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா? அதே மாத்திரையை மறுபடி வாங்கிக் கொடுக்கலாமா? மாமியார் அவருக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார். 9, 6 வயதில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வருமா? - ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: நாளை காலை அவரை சிகிச்சை பெற்ற அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன், பயணத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நோய் திரும்பியதாகத் தோன்றவில்லை. தொழுநோய் திரும்புவது அபூர்வம். அப்படியே திரும்பினாலும் பெரும்பாலும் சில வருடங்கள் கழித்து, வலியில்லாமல், மெதுவாகப் புதுத் தேமலாகத்தான் வரும். பழைய தேமலே திடீரென்று சிவந்து, தடித்து, கூடவே நரம்பும் வலித்தால் அதை மருத்துவர்கள் நாங்கள் 'ரியாக்‌ஷன்' என்போம். அவர் சாப்பிட்ட மாத்திரை அட்டையான கூட்டு மருந்து கிருமியைக் கொன்றுவிடுகிறது. ஆனால் செத்த கிருமியின் துகள்கள் தோலிலும் நரம்பிலும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூடத் தங்கியிருக்கும். அதுவரை சும்மா இருந்த உடலின் எதிர்ப்பு சக்தி அந்தத் துகள்கள் மீது பாய்கிறது. தோலில் நடந்தால் சிவப்போடு போய்விடும். நரம்புக்குள் நடந்தால்தான் ஆபத்து. முழங்கைக்குப் பின்னால் எலும்பை ஒட்டிய குறுகலான பள்ளத்தில் அல்நார் நரம்பு ஓடுகிறது. அங்கே வீங்கினால் விரிய இடமில்லாமல் நரம்பு நசுங்கும். அது உணர்ச்சி கொடுப்பது சுண்டுவிரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும்.

ஆகவே பழைய மாத்திரையை மறுபடி கொடுத்துப் பயனில்லை. தேவைப்படுவது வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு, பெரும்பாலும் பிரட்னிசோலோன். இதில்தான் நாள் கணக்கு முக்கியம். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் மருந்து தொடங்கினால் உணர்ச்சியும் பலமும் திரும்பும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் வாய்ப்பு மிகவும் குறைவு. உங்கள் கணவருக்கு மூன்று வாரம்தான் ஆகிறது, நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். எல்லா நரம்பும் முழுதாக மீளும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எத்தனை நாள் சாப்பிடுவது? இந்தியா, நேபாளம், வங்கதேசம், இந்தோனேசியாவில் நடந்த டென்லெப் என்ற ஆய்வில் 20 வாரம் சாப்பிட்டவர்களையும் 32 வாரம் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். கூடுதல் 12 வாரத்தால் பெரிய பலன் தெரியவில்லை. அப்புறம், வலி போனதும் தானாக நிறுத்திவிடக் கூடாது; அளவை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார். மருந்துக்கடையில் நேரடியாக வாங்குவதும் வேண்டாம். ஸ்டீராய்டு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பும். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

வலியே இல்லாமல் நரம்பு செத்துப்போவதும் உண்டு. அதனால் மாதம் ஒரு முறை வீட்டிலேயே பாருங்கள். அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பால்பாயின்ட் பேனா முனையால் உள்ளங்கையிலும் பாதத்திலும் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சுண்டுவிரலைப் பக்கவாட்டில் விரித்து வைக்கச் சொல்லி, நீங்கள் உள்ளே தள்ளும்போது அது எதிர்த்து நிற்கிறதா என்று பாருங்கள். முகத்தில் தேமல் இருந்தால் கண் இமை முழுதாக மூடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

விரல் அழுகி விழுந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கும். அந்தக் கதையை உடைத்தவர் கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1940களின் கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆராய்ந்த அவர், விரல் குட்டையாவதற்கு நோய் நேரடிக் காரணமில்லை, வலி தெரியாத கையில் திரும்பத் திரும்பப் படும் காயமும் சூடும்தான் காரணம் என்று கண்டார். தூங்கி எழும்போது சிலருக்கு விரலில் ஒரு பகுதி காணாமல் போயிருந்தது. இரவில் காவல் இருந்து பார்த்தால் எலி கடித்துக்கொண்டிருந்தது! அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். மடங்கிப்போன விரல்களைத் தசைநாணை இடம் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையும் அங்கேதான் வளர்ந்தது. இப்போதும் செய்கிறார்கள், ஆனால் ரியாக்‌ஷன் அடங்கி மாதங்கள் ஆன பிறகுதான்.

கொத்தனார் என்பதால் எனக்குக் கூடுதல் கவலை. ஈர சிமென்ட் தோலை அரிக்கும். மரத்த விரலுக்கு அது தெரியாது. வேலையை விடச் சொல்லவில்லை. நரம்பு வலி அடங்கும்வரை அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்கட்டும், பிறகு ரப்பர் கையுறையோடு போகட்டும். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் அழுத்தம் ஒரே இடத்தில் விழாது. டீ டம்ளரை இடக் கையால் பிடிக்கட்டும். தினமும் இரவு கையைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தடவும்போதே கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அவருக்கு வலிக்காது, அவர் சொல்லமாட்டார்.

தட்டு, டம்ளர் விஷயம் சுலபம். சிகிச்சை முடித்தவரிடமிருந்து நோய் பரவாது, ரியாக்‌ஷன் தொற்றாது. தட்டைப் பழைய இடத்தில் வையுங்கள். மாமியார் நம்பவில்லையென்றால் அவரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், மருத்துவர் வாயால் கேட்டால் பலர் மாறியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் விஷயம் வேறு. நோய் கண்டுபிடிப்பதற்கு முந்தைய காலத்தில் அவர்கள் அவரோடுதானே இருந்தார்கள்? பெரும்பாலானவர்களுக்கு இயற்கையிலேயே எதிர்ப்பு சக்தி உண்டு, ஆனாலும் கிருமி புகுந்து நோய் தெரிய சராசரி ஐந்து வருடம் ஆகும், சிலருக்கு இருபதும் ஆகும். அவர்களையும் உங்களையும் மாமியாரையும் பரிசோதித்து, நோய் இல்லையென்றால், நோய் வராமல் தடுக்க ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பதிவேட்டில் இருக்கும், கேளுங்கள். வங்கதேசத்தில் நடந்த ஆய்வில் இந்த ஒரு வேளை மருந்து முதல் இரண்டு வருடத்தில் நோய் வருவதை 57 சதவீதம் குறைத்தது. முழுப் பாதுகாப்பு இல்லை என்பதால் வருடம் ஒரு முறை, முதுகும் பிட்டமும் உட்பட, வெளிச்சத்தில் நிறுத்தி உடல் முழுக்கப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த, வெளிர் அல்லது சிவந்த தேமல் தெரிந்தால் உடனே காட்டுங்கள்.