ராத்திரி ஆளில்லாத லேபில் என்ன ஓடுகிறது? தீ பற்றிச் சில கேள்வி-பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குமரி மாவட்டத்துக் கல்லூரி இயற்பியல் லேபுகளிலிருந்து. ஏறக்குறைய எல்லாருமே பிடித்த தீயை எப்படி அணைப்பது என்றுதான் கேட்கிறீர்கள். சரி, அதையும் சொல்கிறேன். ஆனால் முதலில், சாயங்காலம் பூட்டிவிட்டுப் போன பிறகு உள்ளே என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தீ பிளான் என்பது அந்தத் தாளில்தான் ஆரம்பம்.

படிக வளர்ப்பு செய்கிறேன். வாட்டர் பாத் (ஒரே சூட்டில் வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டி) இருபது நாள் நிற்காமல் ஓட வேண்டும். பக்கத்து மேஜையில் அசிட்டோன் கரைசல் பீக்கர்களும் இருக்கின்றன. பயப்பட வேண்டுமா? — ஆராய்ச்சி மாணவி, நாகர்கோவில்

பயம் வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். துளையிட்ட தாளைக் கட்டி பீக்கரை வைக்கிறீர்கள், அசிட்டோன் மெல்ல மெல்ல வெளியே போனால்தான் உங்களுக்குப் படிகம் வரும், அப்படியானால் போனது எங்கே போனது? அது அறைக்குள்தான் இருக்கிறது. அசிட்டோன் மைனஸ் 20 டிகிரி வாக்கிலேயே பற்றக்கூடிய அளவு ஆவி விடும், நம் ஊர் 30 டிகிரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு கனம், மேலே போகாமல் மேஜையிலிருந்து வழிந்து தரையோடு ஊர்ந்து போகும், நாலு அடி தள்ளி பாத்தின் ஹீட்டரை ஆன்-ஆஃப் பண்ணும் ரிலே 'டிக்' என்று போடும் பொறி அதற்குப் போதும். பீக்கர்களைக் காற்றை வெளியே தள்ளும் ஃப்யூம் ஹூடுக்கோ, ஹீட்டரோ ரிலேவோ இல்லாத வேறு அறைக்கோ மாற்றுங்கள். அசிட்டோன் பாட்டிலை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கமும் வேண்டாம், அதற்குள்ளேயும் தெர்மோஸ்டாட் பொறி விடும்.

அடுத்தது பாத். ஆனி ஆடிக் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போய்ப் போய் வருமே, அப்போது ரிலேயின் இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் நிற்கவே நிற்காது. தண்ணீர் வற்றும், ஹீட்டர் வெளியே தெரியும், பிளாஸ்டிக் தொட்டி இளகும், அப்புறம் நேரே தீதான். இதற்குத் தனியாக இன்னொரு வெப்பக் கட்-ஆஃப் போட்டு, நீங்கள் வைத்திருப்பதைவிடப் பத்து டிகிரி மேலே வைத்துவிடுங்கள். தண்ணீர் மட்டம் இறங்கினால் கரண்டை வெட்டும் ஃப்ளோட் சுவிட்சும் வேண்டும். கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: என்ன ஓடுகிறது, எவ்வளவு சூட்டில், யாருடையது, போன் நம்பர், எந்த எம்சிபி சுவிட்சை இறக்க வேண்டும். வாட்ச்மேன் அண்ணனுக்குப் புரியும்படி தமிழில் எழுதுங்கள், அது கைடுக்குக் காட்டும் தாள் இல்லை.

லேசர் லேபுக்கு ஏபிசி பவுடர் சிலிண்டர் கொடுத்திருக்கிறார்கள். போதுமா? — லேப் பொறுப்பாளர், குளச்சல் பக்கம்

அணைக்கும், சந்தேகமில்லை. அணைத்த பிறகு உங்கள் கண்ணாடிகளும் லென்ஸ்களும் மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. அந்த மஞ்சள் பவுடரில் இருப்பது பெரும்பாலும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும், கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மின்சாதனத் தீக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கி வாசல் பக்கம் வையுங்கள், தீயைத் தாண்டிப் போய் எடுக்கிற மாதிரி உள் மூலையில் வைக்காதீர்கள். அதிலும் இரண்டு விஷயம்: அடிக்கும்போது ஹார்னை (வாயு வெளியே வரும் குழல்) வெறுங்கையால் பிடித்தால் குளிரில் தோல் போய்விடும், சின்ன அறையில் அடித்துவிட்டு அங்கேயே நின்றால் மூச்சு முட்டும். சிறிய சிலிண்டர் அதிகம் போனால் பத்து இருபது விநாடிதான் வரும். அதற்குள் அடங்காவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை சிலிண்டரைத் தூக்கி அடியைப் பாருங்கள். உப்புக்காற்றில் துரு அடிவளையத்தில்தான் தொடங்கும், சுவரில் மாட்டியிருக்கும்போது முகம் பளபளவென்றுதான் இருக்கும். லேசர் அரை வாட்டைத் தாண்டினால் கிளாஸ் 4, அதாவது மிக ஆபத்தான வகை, அதன் கற்றையே திரைத்துணியைப் பற்ற வைக்கும், அதனால் கற்றையை வாங்கி நிறுத்தும் பீம் டம்ப் இல்லாமல் ஆன் பண்ணவே பண்ணாதீர்கள்.

லிக்விட் நைட்ரஜன் எரியாதே, அந்த அறைக்கு எதற்குத் தீ பிளான்? — எம்எஸ்சி மாணவர், மார்த்தாண்டம்

எரியாது தம்பி, ஆனால் எரிய வைப்பதைச் சேர்த்துத் தரும். நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196-ல், ஆக்சிஜன் மைனஸ் 183-லேயே திரவமாகிவிடும். பம்புக்குப் போகும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் கோல்டு டிராப்பில் காற்று புகும்படி விட்டு, அதை நைட்ரஜனில் முக்கி வைத்தால் உள்ளே இளநீலமாக ஒரு திரவம் சேரும். அது திரவ ஆக்சிஜன், பம்ப் எண்ணெயோடு அது சேர்ந்தால் வெடிக்கும். நீலம் தெரிந்தால் டிராப்பை மூடாதீர்கள், நைட்ரஜன் குடுவையையும் எடுக்காதீர்கள், எல்லாரையும் வெளியேற்றிவிட்டு ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். மூன்றுக்கு நான்கு மீட்டர் அறை, மூன்று மீட்டர் உயரம், அதில் பத்து லிட்டர் கொட்டினால் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 17-க்குப் பக்கம் இறங்கிவிடும். இன்னும் கொட்டி அதற்கும் வெகு கீழே இறங்கினால், மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் ஆள் சரிந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க நீங்களும் ஓடினால் இரண்டு பேர் விழுவீர்கள்.

ஏசி பைப்புக்கும் கேபிளுக்கும் சுவரில் ஓட்டை போட்டு ஃபோம் அடைத்திருக்கிறோம். சரிதானே? — துறைத்தலைவர், தக்கலை

சரியில்லை சார். 1975 மார்ச் 22-ல் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில் இதே ஃபோம்தான் பற்றியது. கேபிள் போகும் ஓட்டையில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க மெழுகுவர்த்தியைப் பிடித்தார்கள், சுடரைக் காற்று உள்ளே இழுத்தது, பாலியூரித்தேன் ஃபோம் பிடித்துக்கொண்டது. சுமார் ஏழு மணி நேரம் எரிந்து 1600-க்கு மேற்பட்ட கேபிள்கள் பாழாயின. மின்சாதனம் ஆயிற்றே என்று தண்ணீர் அடிக்கத் தயங்கிக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் தண்ணீர்தான் அணைத்தது. உங்கள் ஓட்டைகளைத் தீ தாங்கும் சீலண்ட் வைத்து அடையுங்கள். மெயினை இறக்கும் இடம் லேபுக்கு வெளியே இருக்கட்டும். மெயின் இறங்கியது உறுதி என்றால்தான் தீயணைப்புக்காரர்கள் தைரியமாகத் தண்ணீர் அடிப்பார்கள்.

திருட்டுக்குப் பயந்து பின்வாசல் கிரில்லைப் பூட்டி வைத்திருக்கிறோம், தப்பா? — பெயர் வேண்டாம்

தப்பு. நான் பார்த்த ஒரு லேபில் பின்வாசல் சாவி எங்கே என்று கேட்டேன். அலுவலக அலமாரியில் என்றார்கள், அலமாரி சாவி கிளார்க்கிடம், கிளார்க் அன்று லீவு. உள்ளிருந்து சாவி இல்லாமல் தள்ளித் திறக்கும் பார் போட்ட கதவு மாட்டுங்கள், வெளியிலிருந்து திறக்க முடியாது, திருட்டுக்கும் பயமில்லை.

தீயணைப்பு நிலையத்துக்கு என்ன சொல்வது? — அதே நாகர்கோவில் மாணவி

101 அடித்து 'லேபில் தீ' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கல்லூரி, எந்த கேட், எத்தனையாவது மாடி, உள்ளே ஆள் இருக்கிறதா, ஹைட்ரஜன் சிலிண்டர், லித்தியம், சோடியம் ஏதாவது இருக்கிறதா என்று சொல்லுங்கள். சோடியத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பி தீ பெரிதாகும், அதற்குக் காய்ந்த மணல்தான். இந்தப் பட்டியலின் ஒரு நகலை கேட் வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் கேட்டின் மேல்வளைவுக்கு அடியில் தீயணைப்பு வண்டி நுழையுமா என்று டேப் வைத்து அளந்தும் பார்த்துவிடுங்கள்.